பாராசிப்ரிக்ரோமிஸ் நைக்ரிபின்னிஸ்: வெளிச்சம் குறையட்டும்

ஆப்பிரிக்காவின் டாங்கன்யீகா ஏரியின் ஆழமான பாறைச் சரிவுகளில், குகைக் கூரையை ஒட்டித் தலைகீழாகவும் நீந்தும் 10 செ.மீ. மீன் இது. அதன் நீலக் கோடுகள் மங்கலான வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். பளிச்சென்ற எல்இடி போட்டால் மீன் வெளிறிப்போய்ப் பாறை இடுக்கில் ஒதுங்கிவிடும்.

தொட்டி 4 அடி நீளமாவது வேண்டும். பாறைகளைச் செங்குத்தாக அடுக்குங்கள். அடிக்கல்லை முதலில் வைத்துவிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் வைத்த கல், மீன் தோண்டினால் சரியும். 8 முதல் 10 மீன்கள், ஆண்கள் குறைவாக. டிரோஃபியஸ் போன்ற முரட்டு மீன்களோடு சேர்க்கவே கூடாது, பாவம், தீனிக்கே வராது.

பிஎச் 8.5–9, வெப்பம் 24–26 டிகிரி. இவ்வளவு காரத்தன்மையில், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியத்தின் கணிசமான பங்கு நச்சு அமோனியாவாக மாறிவிடும். அதனால் ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்து, அமோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகே மீனை விடுங்கள். வாரம் 20 சதவீதம் நீர் மாற்றினால் போதும்; புதுநீரின் பிஎச்சும் வெப்பமும் ஒத்திருக்கட்டும்.

வாய் சின்னது. சைக்ளாப்ஸ், ஆர்டீமியா குஞ்சுகள் போன்ற பொடி நீருயிரிகளைக் கொடுங்கள். பெண் முட்டைகளை வாயில் சுமார் மூன்று வாரம் அடைகாக்கும். அப்போது வலை போட்டுத் துரத்தினால் முட்டைகளைத் துப்பிவிடும். விளக்கு சட்டென அணைந்தால் மிரண்டு துள்ளும், எனவே மூடி கட்டாயம்.