கிழமைக்கு ஒருக்கா

திருகோணமலை டவுனில ஒரு பாமசியில 19 வருசமா நிக்கிறன். நிக்கிறன் எண்டுதான் சொல்லோணும், காலமை எட்டரைக்குக் கவுண்டருக்குப் பின்னால போனா ராத்திரி எட்டு மட்டும் காலிலதான். இதில முதல் 12 வருசம் இதை நான் என்ர வேலையெண்டு நினைச்சதே இல்லை. என்ர வேலை வேற எங்கயோ இருக்கு, கர்த்தர் ஒரு நாள் கூப்பிடுவார், கூப்பிட்ட உடன இந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டி வைச்சிட்டுப் போயிடுவன் எண்டுதான் இருந்தனான்.

சபையில வளர்ந்த ஆக்களுக்கு இது விளங்கும். எங்களுக்கு 'அழைப்பு' எண்டா ஒரே ஒரு கருத்துத்தான், முழுநேர ஊழியம். வாலிபர் முகாமில கடைசி நாள் இரவு ஏசாயா 6ஆம் அதிகாரத்தை வாசிச்சு, யாரை நான் அனுப்புவேன் எண்டு கேக்க, நான் 17 வயசில அழுதழுது கை உயர்த்தினவன். அது பொய்யான அழுகை இல்லை, இண்டைக்கும் அதை நான் பொய்யெண்டு சொல்லமாட்டன். ஆனா 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தது. எங்கட வீட்டில உயிர் ஒண்டும் போகேல்ல, அப்பாட வள்ளமும் வலையும் இஞ்சினும் போச்சு. மூத்த பிள்ளை நான், பிறகு இரண்டு தங்கச்சிமார். வேதாகமக் கல்லூரிக்கு எடுத்து வைச்ச விண்ணப்பப் படிவத்தை அலுமாரிக்குள்ள வைச்சிட்டு, பாமசிக்கு உதவிக்குப் போய் நிண்டு, படிச்சு, சோதினை எழுதி, இஞ்சயே நிண்டுட்டன்.

அந்த 12 வருசமும் நான் நாளை இரண்டாப் பிரிச்சு வைச்சிருந்தனான். பகல் முதலாளிக்கு, பின்னேரம் கர்த்தருக்கு. செவ்வாய் ஜெபக்கூட்டம், வியாழன் வீட்டுக்கூட்டம், சனி பாட்டுப் பயிற்சி. கவுண்டரில நிக்கேக்க மனம் எப்பவும் மணிக்கூட்டிலதான், ஒவ்வொரு மருந்துத் துண்டும் ஒரு இடைஞ்சல் மாதிரி. வந்து நிக்கிறவையின்ர முகத்தை நான் பார்த்த ஞாபகமே இல்லை, கைகளும் துண்டுகளும்தான் ஞாபகம்.

2018ல ஒரு செவ்வாய்க்கிழமை. அண்டைக்கு ஜெபக்கூட்டத்தில நான்தான் வசனம் பகிர்ந்துகொள்ளோணும், அதால நேரத்தோட வெளிக்கிட வேணும். மூதூர்ப் பக்கத்து அம்மா ஒராள், கைவிரல் எல்லாம் மடங்கிப் போய், மூட்டுவாத வருத்தம், கிளினிக் கொப்பியையும் துண்டையும் நீட்டினா. அவவுக்கும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். துண்டில மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம், மூண்டு குளிசை, கிழமைக்கு ஒருக்கா. இந்த மருந்து வேற மாதிரி. மற்ற எல்லாத்தையும் நாங்கள் காலை, மதியம், இரவு எண்டு எழுதி எழுதிப் பழகின கை, இதை மட்டும் கிழமையில ஒரு நாள்தான் எடுக்கோணும், தினமும் எடுத்தா அது உடம்பில புதுசா வளர வேண்டிய கலங்களையே தடுத்துப் போடும், வாய்க்குள்ள புண் வரும், இரத்தத்தில வெள்ளை அணுக்கள் இறங்கும், ஆளே போகலாம். இது படிச்ச எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சும் குளிசையை எண்ணிச் சின்னக் கவருக்குள்ள போட்டு, கவரில "3, காலை" எண்டு எழுதி, மணிக்கூட்டைப் பார்த்து, அடுத்த ஆள் எண்டனான்.

அண்டைக்கு இரவு நான் விசுவாசத்தைப் பற்றி நல்லாத்தான் பேசினனான் எண்டு எல்லாரும் சொன்னவை.

ஆறாம் நாள் அவவின்ர மகள் வந்தா. கவரை மேசையில வைச்சிட்டு, "அண்ணா, அம்மாவுக்கு வாய் முழுக்கப் புண், தண்ணி கூட இறங்குதில்லை, வார்ட்டில வைச்சிருக்கு, டொக்டர் இந்தக் கவரைக் காட்டச் சொன்னவர், இது ஆர் எழுதினது?" எண்டா. என்ர எழுத்து. அந்த '3' ஐ நான் எப்பிடிச் சுழிக்கிறனான் எண்டு எனக்குத் தெரியாதா. கடையில அந்த நேரம் வேற இரண்டு பேர் நிண்டவை, முதலாளி உள்ளுக்க. நான்தான் எழுதினது தங்கச்சி, பிழையா எழுதிப் போட்டன் எண்டன். அவ கத்துவா எண்டு நினைச்சன். கத்தேல்ல. கவரைத் திருப்பி எடுத்து மடிச்சு பேக்குக்குள்ள வைச்சிட்டுப் போனா, அந்த மடிக்கிற சத்தம் இன்னும் என்ர காதில இருக்கு.

அம்மா 11 நாள் வார்ட்டில. மருந்தை நிப்பாட்டி, அதை முறிக்க ஃபோலினிக் அசிட் ஏத்தி, ஒவ்வொரு நாளும் இரத்தம் சோதிச்சு, கடவுளே எண்டு தப்பியிட்டா. நான் ஒவ்வொரு நாளும் பூட்டினாப் பிறகு போய் வார்ட்டுக்கு வெளியில நிண்டனான், முதல் நாலு நாளும் உள்ள போகத் துணிவில்லை.

இதைச் சபையில சொன்னன். சிலர் ஆறுதல் சொன்னவை, நல்ல மனசோடதான். "தம்பி, நீங்கள் ஊழியத்தில எழும்புறதைத் தடுக்கப் பிசாசு கொண்டுவந்த சோதனை, விட்டிடாதேங்கோ" எண்டவை. அந்த வார்த்தைதான் என்னை உடைச்சது. படுத்துக் கிடந்தது அந்த அம்மா. வாய் வெந்து போய்க் கிடந்தது அவ. அதை என்ர ஊழியத்தின்ர கதையா மாத்தி என்னால கேக்க முடியேல்ல. பிசாசு எங்கயும் வரேல்ல, நான் ஒரு மனுசியின்ர முகத்தைப் பாக்காமல் வசனம் பேச ஓடினனான், அவ்வளவுதான் நடந்தது.

அதுக்குப் பிறகு கொஞ்ச மாசம் நான் எங்கயும் பேசேல்ல, வாசிச்சுக்கொண்டிருந்தன். லூக்கா 3ஆம் அதிகாரம் சின்ன வயசில இருந்து தெரியும், ஆனா அப்பதான் கண்ணில பட்டது. ஆயக்காரர் வந்து யோவான் ஸ்நானகனிட்ட, நாங்கள் என்ன செய்யவேணும் எண்டு கேக்கினம். வரி மேசையை விட்டிட்டு என்னோட வனாந்தரத்துக்கு வா எண்டு அவர் சொல்லேல்ல. கட்டளையிட்டதுக்கு மேல வாங்காதேங்கோ எண்டார். போர்ச்சேவகருக்கும் அப்பிடித்தான், ஒருத்தருக்கும் இடுக்கண் செய்யாதேங்கோ, சம்பளம் போதும் எண்டு இருங்கோ. மனந்திரும்பின ஆள் அடுத்த நாள் காலமை அதே மேசைக்குத்தான் போறான். யோப்பாவில தபீத்தாள் எண்ட சீஷி செத்த நேரம் விதவைகள் அழுதழுது காட்டினது அவ தைச்சுக் குடுத்த உடுப்புகளைத்தான். பவுல் கூடாரம் தைச்சவர். இதெல்லாம் ஓய்வுநாள் பாடசாலையில படிச்சதுதானே, எனக்கு ஏன் 30 வயசு தாண்டும் மட்டும் கேக்கேல்ல?

ஜெர்மனியில சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கின மார்ட்டின் லூதர் ஒரு காலம் துறவியா இருந்தவர், பிறகு துறவிக்கும் குருவுக்கும் மட்டுந்தான் அழைப்பு எண்ட எண்ணத்தையே எதிர்த்து நிண்டவர். வேதாகமத்தை ஜெர்மன் மொழிக்கு மாத்தேக்க, அழைப்பு எண்ட கருத்துள்ள 'பெரூஃப்' எண்ட சொல்லை அவர் தொழிலுக்கும் போட்டவர், அந்தச் சொல்லைத்தான் ஜெர்மன்காரர் இண்டைக்குத் தொழிலுக்குப் பாவிக்கினம். அன்றாட அப்பத்தை எங்களுக்குத் தாரும் எண்டு ஜெபிக்கிறமே, அந்த அப்பம் வானத்தில இருந்து விழுறதில்லை, சீனக்குடாவில பிறிமா மில்லில இரவு ஷிப்ட் நிக்கிற பொடியன், மா மூட்டையை லொறியில ஏத்திறவர், விடியப்புறம் போறணைக்கு விறகு வைக்கிறவர், இவையின்ர கைக்குள்ளால தான் அந்த ஜெபத்துக்குப் பதில் வருது. இப்ப ஆராதனையில அந்த வரி வாற நேரம் எனக்கு அந்த மில்லுதான் கண்ணுக்குள்ள நிக்கும்.

அந்த அம்மா திரும்பி வந்தா. அதைத்தான் நான் சொல்ல வந்தது. டவுனில எத்தினை பாமசி, ஆனா ஆறேழு மாசத்தால ஒரு நாள் மகளோட வந்து, நேரா என்னட்டத் துண்டை நீட்டினா. அதே மருந்து, டொக்டர் குறைச்சுத் திரும்பத் தொடங்கியிருக்கிறார். எனக்குக் கை நடுங்கினது. எழுதிற பேனையை வைச்சிட்டு முதல்தரம் அவவின்ர முகத்தைப் பார்த்துக் கேட்டன், "அம்மா, கிழமையில உங்களுக்கு மறக்காத நாள் எது?" அவ யோசிக்கவே இல்லை, "வெள்ளி. அம்மன் கோயிலுக்குப் போற நாள்" எண்டா. கவரில பெரிய எழுத்தில எழுதினன்: வெள்ளிக்கிழமை மட்டும். கீழ கோடு இரண்டு.

அதில இருந்து இந்த மருந்துக்கு வாற எல்லாரிட்டயும் இதைக் கேப்பன். கிண்ணியாவில இருந்து வாற உம்மா ஒராளுக்கும் வெள்ளிதான், அவவின்ர வீட்டில ஆம்பிளையள் ஜும்ஆவுக்கு வெளிக்கிடுற நேரம். எங்கட சபை ஆக்களுக்கு ஞாயிறு. சிங்கள அக்கா ஒராள் பிள்ளையளை தஹம் பாசலுக்கு, அதுதான் பௌத்த அறநெறிப் பாடசாலைக்கு, கூட்டிக்கொண்டு போற நாள் ஞாயிறு எண்டா, அவவுக்கு 'இரிதா' எண்டு சிங்களத்தில எழுதிப் பழகினன். நோன்பு காலம் சீனி வருத்தக்காரர் வந்தா சஹருக்கும் நோன்பு திறக்கிறதுக்கும் ஏற்ற மாதிரிக் குளிசை நேரத்தை டொக்டரிட்டக் கேட்டுக்கொண்டு வாங்கோ எண்டு முதலே ஞாபகப்படுத்துவன், கேட்டுக்கொண்டு வந்தா அதைத் தெளிவா எழுதிக் குடுப்பன். வாசிக்கத் தெரியாதவைக்குச் சூரியன், நிலா, சோத்துக் கோப்பை கீறிக் குடுப்பன். எழுதி முடிச்சாப் பிறகு திருப்பிச் சொல்லச் சொல்லுவன், அவையின்ர வாயால வந்தாத்தான் கவரைக் கையில குடுப்பன்.

1847ல அமெரிக்காவில இருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த டொக்டர் கிறீன் ஒரு மிஷனறி, மானிப்பாயில ஆசுப்பத்திரி நடத்தி, பொடியளுக்குத் தமிழில வைத்தியம் படிப்பிச்சு, வைத்தியப் புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில சொல் தேடிக்கொண்டிருந்த மனுசன். அந்தச் சொல் தேடுறதும் அவருக்கு ஊழியம்தான் எண்டு நான் நம்பிறன். எனக்குக் கிடைச்சிருக்கிறது ஒரு சின்னக் கவரில நாலு சொல்.

2022 பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் 31 எண்டு நினைக்கேக்க இப்பவும் வயிறு கலங்கும், 13 மணித்தியாலக் கரண்ட் கட். இன்சுலினை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில வைக்கோணும், திருமலை வெயிலுக்கு மூடின பிரிட்ஜ் எத்தினை மணித்தியாலம் தாங்கும்? அப்பாட பழைய ரெஜிபோம் மீன்பெட்டியைத் தேடி எடுத்து, சவுக்காரம் போட்டு மூண்டு தரம் கழுவி வெயிலில காய வைச்சு, ஐஸ் வாங்கி, இன்சுலின் உறைஞ்சாலும் பழுதுதானே, அதால குப்பியள் ஐஸில முட்டாமல் பேப்பரும் துவாயும் சுத்தி, நடுவில வெப்பமானியை வைச்சு மணித்தியாலத்துக்கு ஒருக்கா டோர்ச் அடிச்சுப் பார்த்தன். அப்பா பக்கத்தில கதிரை போட்டு இருந்தார். சுனாமிக்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு வேலை இருக்கேல்ல. "இதுக்குள்ள இண்டைக்கு எத்தினை பேரிட மருந்து?" எண்டு கேட்டார். 40 குப்பி வரும் எண்டன். அவர் ஒண்டும் சொல்லேல்ல, ஐஸ் உருகின தண்ணியை மட்டும் ஊத்திக்கொண்டிருந்தார்.

அந்த மாசங்களில மருந்து இல்லை எண்டு சொல்லுறதே எங்கட வேலையாப் போச்சு. ஒரு கொப்பியில ஆக்களின்ர நம்பரும் மருந்தும் எழுதி வைச்சு, பொருள் வந்தா எடுத்துச் சொல்லுவன், ஒராளே மொத்தமா வாங்காமல் பத்துப் பத்துக் குளிசையா வெட்டிக் குடுப்பம். செவ்வாய் ஜெபக்கூட்டத்துக்கு நான் போகாத கிழமைகள் அதில நிறைய. அந்தக் கொப்பியைப் பார்த்துப் பெயர் பெயரா ஜெபிச்சனான்.

இன்னொண்டையும் சொல்லாமல் விடக்கூடாது. அழைப்பு எண்ட சொல்லை வைச்சு ஆக்களின்ர வயித்தில அடிக்கிறவையும் இருக்கினம். எனக்குத் தெரிஞ்ச தங்கச்சி ஒராள் ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தில வேலை செய்தவ, மூண்டு வருசமாச் சம்பளம் கூட்டேல்ல, கேட்டா "இது ஊழியம்தானே மகள்" எண்ட பதில். எனக்கு அது பாவமாத்தான் படுது. 1 கொரிந்தியர் 7:20ல, அழைக்கப்பட்ட நிலைமையிலேயே நிலைத்திரு எண்டு எழுதின அதே பவுல் அடுத்த வசனத்திலேயே அடிமைக்கு, நீ சுயாதீனனாகக்கூடுமெண்டா அது நல்லது எண்டு எழுதியிருக்கிறார். அவவுக்கு நான் வேற வேலை தேடச் சொன்னன், தேடி எடுத்திட்டா, இப்ப நல்லா இருக்கிறா.

கை உயர்த்தின அந்த 17 வயசுப் பொடியனை நான் இப்பவும் மறக்கேல்ல. அந்த விண்ணப்பப் படிவம் இன்னும் அலுமாரிக்குள்ள இருக்கு, மஞ்சளாப் போச்சு, எறிய மனம் வரேல்ல.

போன மாசம் மூதூர் அம்மா வரேல்ல. எனக்குப் பக் எண்டது. பார்த்தா பேத்தி வந்து நிக்கிறா, ஏழாம் வகுப்பு இருக்கும், யூனிபோர்மோட, அம்மம்மாவுக்குக் கால் ஏலாதாம், பஸ்ஸில ஏற முடியாதாம், கொப்பியைக் குடுத்துவிட்டிருக்கிறா. எண்ணிப் போட்டு, எழுதி, கோடு இரண்டும் கீறி, அவவின்ர பக்கம் திருப்பி வைச்சு, வாசியுங்கோ மகள் எண்டன்.

"மூண்டு குளிசை. வெள்ளிக்கிழமை மட்டும். சாப்பிட்ட பிறகு."

பின்னால ஏழெட்டுப் பேர் நிண்டவை. இன்னொருக்கா வாசியுங்கோ எண்டன்.