காலை ஆறு மணிச் செய்தி

மார்ச் 3
நான்கு மணிக்கே மேக்கப் அறை. எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. கூட வாசிப்பவர் பவுடர் போட்டுக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். மிச்ச நேரத்தில் ஸ்கிரிப்டை இரண்டு முறை படித்தும்விடுகிறார். எனக்கோ கண்ணில் மை தீட்டும்போது படிக்க வழியில்லை. தலைப்புச் செய்திகளை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

மார்ச் 5
காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டரை எங்கே மாட்டுவது என்று இன்றும் திண்டாட்டம். பெல்ட்டும் பாக்கெட்டும் உள்ள உடைக்கென்றே செய்த பெட்டி அது. பின்னால் குத்தி, மேலே கோட் போட்டு மறைத்தாயிற்று. பச்சை உடை கூடாது, பச்சைத் திரையை நீக்கிப் பின்னணிப் படம் சேர்க்கும் குரோமாவில் உடம்பே காணாமல் போகும். நெருக்கமான கோடுகளும் கூடாது, திரையில் அலையலையாக நெளியும்.

மார்ச் 9
நேரலையில், வாசிக்க வேண்டிய வரிகளைக் கண்ணெதிரே ஓட்டும் பிராம்ப்டர் நின்றுவிட்டது. கையில் இருந்த தாளைப் பார்த்து வாசித்தேன். காதில் தயாரிப்பாளர் "இருபது நொடி, பதினைந்து" என்று எண்ணிக்கொண்டே இருந்தார். ஒரு எண்கூடத் தவறவில்லை. சரி, யாராவது பாராட்டுவார்கள் என்று பார்த்தால், வந்த ஒரே அழைப்பு: "அந்தப் பெண் முடியை ஏன் விரித்துப் போட்டிருக்கிறார்?"

மார்ச் 10
நேற்றைய எரிச்சல் இன்னும் போகவில்லை. நேன் வின்டன் என்ற பெண் 1960-லேயே பிபிசி தொலைக்காட்சியில் தேசியச் செய்தி வாசித்தார். இரவுச் செய்தியைப் பெண் வாசிப்பது நேயர்களுக்கு ஒப்பவில்லை என்று கருத்துக்கணிப்பு சொன்னதாம், எடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு பெண், ஆஞ்செலா ரிப்பன், நிரந்தரமாக அந்த இடத்தில் உட்கார 1975 ஆனது. அந்த நேயர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது என் முடியைப் பற்றி அழைக்கிறார்கள் போலும்.

மார்ச் 12
ஆஸ்திரேலியாவின் கார்ல் ஸ்டெஃபனோவிக் கதையைச் சகாவிடம் சொன்னேன். கூடத் தொகுத்து வழங்கிய பெண்ணின் உடைக்கு ஓயாமல் விமர்சனம் வருவதைப் பார்த்து, ஒரே நீலக் கோட்டை ஏறக்குறைய ஓராண்டு போட்டு வந்தார். யாரும் கவனிக்கவில்லை, 2014-ல் அவரே வெளியே சொன்னார். சகா சிரித்தார். அப்புறம், "நானும் செய்து பார்க்கட்டுமா?" என்றார்.

மார்ச் 16
ஆவணக் காட்சிகளில் 2022-ன் ஆப்கானிஸ்தான் கண்ணில் பட்டது. பெண்கள் முகத்தை மறைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்று தாலிபான் உத்தரவு. அங்குள்ள டோலோ நியூஸ் சேனலின் ஆண்கள் கறுப்பு முகக்கவசம் போட்டு உடன் நின்றார்கள். துணிக்குள்ளிருந்து மூச்சு வாங்க வாங்க முழுச் செய்தியையும் வாசிப்பதை நினைத்தாலே தொண்டை வறள்கிறது.

மார்ச் 24
சகாவின் சாம்பல் நிறக் கோட்டுக்குப் பன்னிரண்டாம் நாள். காலர் ஓரம் அழுக்கே தெரிகிறது. இன்று ஒரு அழைப்பு வந்தது. என் தோடு ரொம்பப் பெரிதாம்.