மூவாயிரம் ரூபாய் ஸ்டாப்பர்

போன மார்ச்சில் பந்தலூர் பக்கம் நடந்த செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால்) போட்டியில் எங்கள் கிளப் அரையிறுதிக்கு வந்தது. பதினோரு வருஷம் கழித்து. முந்தின ஆட்டத்திலேயே எங்கள் ஸ்டாப்பருக்கு, அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவனுக்கு, கணுக்கால் பிசகிவிட்டது. நிலம்பூரிலிருந்து ஒரு கெஸ்ட் பிளேயரைக் கூப்பிடலாம், ஒரு ஆட்டத்துக்கு 3,000 ரூபாய், ஜீப் வாடகையும் சாப்பாடும் தனி என்று கேப்டன் கேட்டான். ராத்திரியோடு ராத்திரியாகக் கமிட்டி கூடியது. பொருளாளர் மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"இருக்கிறவனை வெச்சு ஆடுங்கப்பா. தோத்தாலும் நம்ம பிள்ளைங்க தோத்ததா இருக்கட்டும்."

கமிட்டியில் ஏழு பேர். அவர் சொன்னதற்கு ஐந்து தலை ஆடியது. ஆடாத இரண்டில் ஒன்று என்னுடையது. அன்றைக்கு கிளப் கணக்கில் கிடந்த பணம் 1,86,000 ரூபாய்.

அந்த ஆட்டம் என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன். 1,86,000 எப்படிச் சேர்ந்தது, ஏன் அசையமாட்டேன் என்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்குத் தலைமன்னார் வரைக்கும் போகணும்.

நான் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, உனக்கு இத்தனை தலை எனக்கு இத்தனை தலை என்று எங்களைப் பிரித்தபோது நான் பிறக்கவே இல்லை. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. விட்டுப்போன 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு வைத்துக்கொண்டார்கள். அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். கண்டிக்கு நடையாய் நடந்து பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் கைக்கு வந்து, நாங்கள் புறப்பட்டது 1976இல். எனக்குப் பத்து வயது. எங்களை ஏற்றிக்கொண்டு போகும் ரயிலுக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்று பேர். ஸ்டேஷனில் ஒப்பாரி வைக்காத பொம்பளை கிடையாது. எனக்கு மட்டும் கடலைப் பார்க்கப் போகிறோம் என்று சந்தோஷம்.

தலைமன்னாரில் ஏறி ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாமில் சில வாரம், அப்புறம் மலை ஏறி கூடலூர். எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசாங்கம் 1968இல் தேயிலை போட ஆரம்பித்திருந்தது; இன்றைக்கு டேன்டீ என்கிறோமே, அதுதான். அங்கே விட்டுவந்த செடி தாத்தா காலத்துச் செடி. இங்கே அப்போதுதான் காட்டை வெட்டி நட்டிருந்தார்கள், என் முழங்கால் உயரம்கூட இல்லை. அதே குளிர், அதே மழை, காலில் ஏறுகிற அதே அட்டை. "குடும்ப அட்டைக்கு அலைஞ்சு வந்தா இங்கயும் அட்டைதான்" என்று அம்மா சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. வந்து சேர்ந்த பிறகு அம்மா சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

நிலம் அப்படியே இருந்தாலும் பேச்சு வேறாக இருந்தது. லயம் என்றால் இங்கே பாடி. கடையில் போய் ஒரு இறாத்தல் பாண் (ரொட்டிதான்) கேட்டேன், மொத்தக் கடையும் சிரித்தது. சவர்க்காரம் என்றால் சோப்பு, பால் விடாத பிளேன்டீ என்றால் கட்டஞ்சாயா. பள்ளிக்கூடத்தில் என் பேரை யாரும் கூப்பிட்டதில்லை. "ஏ சிலோன்." அங்கே எங்களை 'இந்தியாக்காரன்' என்றுதான் சொன்னார்கள் என்று அப்பாவிடம் புகார் சொன்னேன். அப்பா பதில் பேசவில்லை, பீடியைப் பற்ற வைத்தார். ஒரே ஆறுதல் ரேடியோ. நாங்கள் விட்டுவிட்டு வந்த இலங்கை வானொலி இங்கே எல்லா டீக்கடையிலும் பாடிக்கொண்டிருந்தது.

என்னை ஊருக்குள் சேர்த்துக்கொண்டது பந்துதான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நீலகிரி மாவட்டம் என்று பேர்தானே தவிர, நாடுகாணி மலைப்பாதை (சுரம் என்போம்) இறங்கினால் கேரளத்து வழிக்கடவு, நிலம்பூர், அதைத் தாண்டினால் மலப்புறம் முழுக்கப் பந்துப் பைத்தியம். அந்தப் பைத்தியம் சுரம் ஏறி எங்களுக்கும் வந்துவிட்டது. பஜாரில் மாப்பிள (மலையாள முஸ்லிம்) பையன்கள் அறுவடை முடிந்த வயலில் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் ஆள் குறைந்தது. "எடா சிலோனே, வாடா" என்றார்கள். கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்க வைத்தார்கள். அங்கே கம்பம் எது, இரண்டு செருப்புதான். வந்த முதல் பந்து வயிற்றில் பட்டு மூச்சு நின்றுபோனது, ஆனால் கோல் விழவில்லை. மறுநாள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கிளப் ஆரம்பித்தது 1983 கடைசியில். அந்த ஜூலையில் கொழும்பு எரிந்ததைப் பாடியில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். அங்கே இன்னும் பெரியப்பா இருக்கிறார், இவருக்கு அக்கா இருக்கிறாள், அவருக்குப் பெண் கொடுத்த வீடு இருக்கிறது. அடுத்த வருஷம் கப்பலும் நின்றது. சாயந்திரமானால் பெரியவர்கள் குடிக்கவும் அழவும் தொடங்கிய காலம் அது. பையன்களாவது மைதானத்தில் இருக்கட்டும் என்று வீட்டுக்கு மாதம் ஒரு ரூபாய் வசூலித்தார்கள். கணக்கு எழுத எழுத்துத் தெரிந்த ஆள் வேண்டும். தலைமன்னாரில் எங்களோடு கப்பல் ஏறியவர்களில் எட்டாவது வரை படித்த ஒருவர் இருந்தார். அன்றைக்குப் பொருளாளர் ஆனவர் இன்றைக்கும் அவர்தான்.

அவருடைய அண்ணன் வியாபாரக் கடன் வாங்கிக்கொண்டு கீழ்நாட்டில் கடை வைக்கப் போனார். நிலம் முடித்துத் தருகிறேன் என்று ஒரு தரகன் வந்தான். ஆறே மாதத்தில் அண்ணன் பித்தளைக் குடத்தையும் விற்றுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு மலை ஏறி வந்து தம்பி வீட்டு வாசலில் நின்றார். மாமா அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் இரண்டு தடவை கேட்பார், மூன்றாவது தடவை "பாக்கலாம்" என்பார். அவருடைய "பாக்கலாம்" என்றால் என்னவென்று இந்தத் தோட்டத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆகவே பணம் சேர்ந்தது. நாற்பது வருஷம் வீட்டு வசூல், பொங்கல் போட்டி நன்கொடை, வட்டிக்கு வட்டி. ஒரு பைசா காணாமல் போனதில்லை, சத்தியமாகச் சொல்வேன். ஒரு பைசா உருப்படியாகச் செலவானதும் இல்லை. பந்து தையல் பிரிந்தால் தைத்து ஆடு. பூட்ஸ் இல்லாதவன் இருக்கிறவனிடம் ஒரு பாதி கடன் வாங்கு. கோச்சிங் கோர்ஸுக்கு ஒரு பையன் போகிறேன் என்றான், பணம் கட்டவேண்டும். "பாக்கலாம்." அந்தப் பையன் இன்றைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

பணப்பெட்டியில் இருந்த பயம் மெல்ல ஆட்டத்துக்கும் இறங்கியது, எனக்குத் தாங்காதது அதுதான். ஒரு கோல் போட்டுவிட்டால் போதும், லைனில் நிற்கிற கமிட்டி ஆட்கள் "கீழ எறங்கு, எல்லாரும் கீழ எறங்கு" என்று கத்த ஆரம்பித்துவிடுவார்கள். செவன்ஸில் மைதானம் சின்னது, ஒரு பக்கம் ஏழே பேர். கீழே இறங்கி நின்றால் எதிராளி நம் பெனால்டி பெட்டிக்குள்ளேயே குடித்தனம் வைப்பான். கிடைத்ததைக் காப்பாற்றத் தெரியும், இன்னொன்று சம்பாதிக்கத் தெரியாது.

என் மகனுக்கு லண்டன் ஃபுட்பால் கிளப் ஆர்சனல் மேல் பைத்தியம். 2003-04இல் அவர்கள் 38 லீக் ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காத வருஷம் பிடித்த பைத்தியம். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. அதன் பிறகு அவன் பட்டதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து பட்டேன். 2006இல் பழைய மைதானம் ஹைபரியை விட்டு, 39 கோடி பவுண்டு செலவில் கட்டிய எமிரேட்ஸ் மைதானத்துக்குப் போனார்கள். கடன் ஏறியது, கை சுருங்கியது. 2005க்குப் பிறகு 2014 வரை ஒரு கோப்பை இல்லை. கேப்டன் ஃபாப்ரிகாஸ் 2011இல் பார்சிலோனாவுக்குப் போனார். அடுத்த வருஷம் அடுத்த கேப்டன் வான் பெர்சியைப் போட்டிக் கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே விற்றார்கள், அவர் போன முதல் சீசனிலேயே யுனைடெட் சாம்பியன். மகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2013இல் லிவர்பூலின் கோல் அடிக்கிற ஆள் சுவாரஸை வாங்க அந்தக் கிளப்புக்கு எவ்வளவு சொன்னார்கள் தெரியுமா? நான்கு கோடிக்கு மேல் ஒரு பவுண்டு. அவருடைய ஒப்பந்தத்தில் நான்கு கோடிக்கு மேல் என்று இருந்ததாம், அதற்காக ஒற்றைப் பவுண்டு. கல்யாணத்தில் நூற்றியொன்று மொய் எழுதுவது போல. லிவர்பூல் கொடுக்கவில்லை. 2015 கோடையில் கோல்கீப்பர் செக் ஒருவரைத் தவிர முதல் அணிக்கு வேறு ஆளே எடுக்கவில்லை. அந்த சீசன் யாரும் எதிர்பார்க்காத லெஸ்டர் கோப்பையைத் தூக்கியது, ஆர்சனல் பத்துப் புள்ளி பின்னால் இரண்டாவது.

"நம்ம பொருளாளர் தாத்தாதான்பா அங்கயும் கணக்குப் பாக்கிறாரு" என்றான் மகன்.

இதை ஒருநாள் மாமாவிடமே சொன்னான். அவர் கோபப்படவில்லை. அந்த மேனேஜர் வெங்கர் எத்தனை வருஷம் முதல் நான்கு இடத்துக்குள் வந்தார் என்று விசாரித்தார். முதல் இருபது சீசனும் என்றான் மகன், பொய் சொல்லத் தெரியாதவன்.

"இருபது வருஷமா? கடனும் கட்டிக்கிட்டா? அந்த மனுசனுக்குக் கோயில் கட்டணும்டா."

வெங்கர் பொருளாதாரம் படித்தவர் என்றும் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து ஆர்சனல் பேச்சு வந்தால் "நம்ம ஆளு" என்கிறார். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

சரி, அரையிறுதி. கமுகு மரம் கட்டிய கேலரி, ஃபிளட்லைட், பாதிக் கூட்டம் கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப்பின் மஞ்சள் சட்டை. (இந்தியன் சூப்பர் லீக்கில் மூன்று ஃபைனலில் தோற்ற கிளப்புக்கு இத்தனை சட்டை விற்கிறது. எங்களுக்கு ஜெர்ஸி துவைக்கக் காசில்லை.) பன்னிரண்டாவது நிமிஷம் எங்கள் விங்கர் கோல் போட்டான். நான் எகிறிக் குதித்து இறங்குவதற்குள் பின்னால் ஆரம்பித்துவிட்டது: "கீழ எறங்கு." இறங்கினார்கள். ஸ்டாப்பர் இடத்தில் பதினேழு வயதுப் பையன், அவன் பாவம் நன்றாகத்தான் ஆடினான். முக்கால்வாசி நேரம் தலையாலும் மார்பாலும் பந்தைத் தடுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு கார்னர். அவர்களுடைய வெளிநாட்டு ஆள் ஆறடிக்கு மேல், இவன் ஐந்தரை. ஒன்றுக்கு ஒன்று. டைபிரேக்கரில் எங்களுக்கு இரண்டு வெளியே போனது. பையன் ஜெர்ஸியால் முகத்தை மூடிக்கொண்டு மைதானத்து நடுவில் உட்கார்ந்துவிட்டான். நான் கமிட்டி ஆட்களைப் பார்த்து என்னென்னவோ கத்தினேன். எழுதக்கூடிய வார்த்தை இல்லை.

அடுத்த மாதம் ஆண்டுக் கூட்டம். மாமா கணக்கு வாசித்தார், வட்டி சேர்ந்து 1,93,412 ரூபாய் எழுபத்தைந்து பைசா. கைதட்டினார்கள். கேப்டன் எழுந்து, விங்கரும் கோலியும் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறார்கள், அடுத்த சீசனுக்குப் பதிவு செய்ய ஆள் ஒன்பதுதான் தேறும் என்றான். "பாக்கலாம்" என்று தீர்மானமாயிற்று.

கூட்டம் முடிந்து மாமாவும் நானும் பாடிக்கு நடந்தோம். நான்கு நாளாக ஆனை வருகிற பாதை. அவர் கையில் டார்ச். எனக்கு இன்னும் ஆறவில்லை.

"மூவாயிரம் ரூபாய் மாமா. வட்டியிலேயே கொடுத்திருக்கலாம்."

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். "தலைமன்னார்ல கப்பல் ஏறும்போது உங்கப்பா மடியில எவ்வளவு இருந்துச்சு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். நான்தான எண்ணிக் கொடுத்தேன். ரெண்டு தடவை எண்ணச் சொன்னாரு. ரெண்டு தடவையும் அவ்வளவுதான் இருந்துச்சு."

"அதுக்கும் ஸ்டாப்பருக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

அவர் பதில் சொல்லவில்லை. வளைவு திரும்பியதும் டார்ச்சை அணைத்தார். ஆனைப் பாதை மாமா, போடுங்க என்றேன்.

"நிலா இருக்கில்ல. பேட்டரி எதுக்கு வீணா?"