பிராசசரை ஓவர்க்ளாக் செய்யும்போது வோல்டேஜில் கை வைக்குமுன்

தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டும்படி ஓவர்க்ளாக் செய்த என் பிராசசர் 4.7 கிகாஹெர்ட்ஸில் இருபது நிமிடச் சோதனையைத் தாண்டிய அன்று, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்துப் பெரிய ஜிப் கோப்பு ஒன்றை விரித்தபோது சிஆர்சி பிழை, அதாவது விரித்த தரவு மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்று வந்தது. கோப்பு கெட்டிருக்கும் என்று எண்ணி மறுபடியும் விரித்தேன்; இந்த முறை பிழை வேறோர் இடத்தில் வந்தது. கோப்பு கெட்டிருந்தால் பிழை ஒரே இடத்தில்தான் வரவேண்டும். இடம் மாறி மாறி வருகிறதென்றால் கணக்குப் போடும் இயந்திரமே தவறுகிறது என்று பொருள். கணினி எழும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பியதும் அதே கோப்பு ஒழுங்காக விரிந்தது. நீலத்திரை காட்டிக் கணினி நின்றிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். அந்த நான்கு நாளில் சேமித்த கோப்புகளில் எத்தனை சத்தமில்லாமல் கெட்டனவோ என்பதுதான் என் கவலையாக இருந்தது.

பிராசசரின் வேகம் என்பது இரண்டு எண்களின் பெருக்கல்தான். இன்றைய மேசைக் கணினிகளில் அடிப்படைக் கடிகாரம் பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். அதை மல்டிபிளையர் என்ற பெருக்கு எண்ணான 45-ஆல் பெருக்கினால் 4.5 கிகாஹெர்ட்ஸ். 1998-இல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ பிராசசரில் மல்டிபிளையர் 4.5 என்று பூட்டப்பட்டிருந்ததால், அன்றைய அடிப்படைக் கடிகாரமான பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி 450-ஐத் தொட்டார்கள். இப்போது அந்தச் சிரமம் தேவையில்லை. இன்டெலில் பெயரின் முடிவில் 'கே' என்ற எழுத்துள்ள பிராசசரும் 'இசட்' வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன என்றாலும் 'ஏ' வரிசை மதர்போர்டுகள் ஓவர்க்ளாக்கை அனுமதிப்பதில்லை. அடிப்படைக் கடிகாரத்தைத் தொடாமல் மல்டிபிளையரை மட்டும் மாற்றுவதே நல்லது.

வெப்பம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் கூடும். 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடுகிற பிராசசரை 5.0-க்கு ஏற்றி அதற்காக 1.35 வோல்ட் கொடுத்தால், கிடைக்கிற வேகம் 11 விழுக்காடு. கூடுகிற வெப்பமோ ஏறத்தாழ 40 விழுக்காடு. சூடு எல்லை மீறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிவிடும். ஆனால் அதிக வோல்டேஜ் மாதக்கணக்கில் உள்ளிருக்கும் மெல்லிய இணைப்புகளைத் தேய்ப்பதைத் தடுக்க அப்படியொரு காவல் கிடையாது. ஆகவே வேகம் கூட்டுவதைப் பற்றி என்னைக் கேட்டால், மல்டிபிளையரைப் பற்றிப் பேசுவதைவிட வோல்டேஜைப் பற்றியே அதிகம் பேசுவேன்.

முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிட வேண்டும். ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டால், பிழை வரும்போது அது ரேமிலிருந்தா பிராசசரிலிருந்தா என்று திண்டாட வேண்டியதில்லை. வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டால் பல மதர்போர்டுகள் தேவைக்கு மேல் தாராளமாகக் கொடுத்துவிடுகின்றன. எண்ணைக் கையால் எழுதுவதே பாதுகாப்பு. பிறகு மல்டிபிளையரை ஒவ்வொன்றாக ஏற்றிச் சோதிக்க வேண்டும். கணினி எழவே மறுத்தால் மதர்போர்டில் உள்ள 'கிளியர் சிமாஸ்' ஜம்பர் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

லோட்லைன் கேலிப்ரேஷன் என்றோர் அமைப்பு பயாஸில் இருக்கும். வேலைப்பளு ஏறும்போது வோல்டேஜ் நாம் எழுதிய எண்ணைவிடச் சற்றுத் தாழும். அதை ஈடுகட்டுவதே இதன் வேலை. உச்ச நிலையில் வைத்தால் திரையில் தெரியும் எண் அழகாக நிலைத்து நிற்கும். ஆனால் பளு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் எகிறி இறங்கும். மென்பொருள் காட்டும் அளவீட்டில் அந்தக் கணம் தென்படவே தென்படாது. நடு நிலையோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

சோதனைக்கு ப்ரைம்95 என்ற மென்பொருளின் 'ஸ்மால் எஃப்எஃப்டி' சோதனை கடுமையானது. ஒவ்வொரு சுற்றிலும் விடை முழு எண்ணை ஒட்டியே வரவேண்டும், விலகல் 0.4-ஐத் தாண்டினால் பிழை என்று சொல்லி, பிராசசருக்குள் தனியாகக் கணக்கிடும் பகுதியான அந்தக் கோரின் வேலை நின்றுவிடும். மற்ற கோர்கள் ஓடிக்கொண்டேயிருப்பதால், ஒன்று நின்றதைக் கவனிக்காமல் தேறிவிட்டது என்று ஏமாறுவதும் எளிது. கூடவே விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'டபிள்யூஎச்இஏ-லாகர்' என்ற பெயரில் எச்சரிக்கை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வன்பொருள் பிழை செய்து தானே திருத்திக்கொண்டதன் பதிவு அது. நான் அதை அன்றே பார்த்திருந்தால் நான்கு நாள் மிச்சமாகியிருக்கும். பல மணி நேரம் ஓட்டிய பிறகு, கணினியைத் தூங்கவைத்து எழுப்பியும் பார்க்க வேண்டும், ஏனெனில் முழுப் பளுவைத் தாங்குகிற பிராசசர் சில சமயம் சும்மா இருக்கும்போது தடுமாறும்.

4.7-ஐ நிலைநிறுத்த எனக்கு இன்னும் 0.06 வோல்ட் தேவைப்பட்டது. அந்த ஒரு படிக்கு அது கட்டுப்படியாகாத விலை என்று பட்டதால் 4.6-க்கு இறங்கி, வோல்டேஜையும் சிறிது குறைத்துவிட்டேன். அன்றிரவு அதே ஜிப் கோப்பைப் பத்து முறை விரித்துப் பார்த்தேன். பத்து முறையும் சிஆர்சி பிழையில்லை.