அரைப்பது அதிகம், நறுக்குவது குறைவு: வாரநாள் சமையல் குறிப்புகள்

2 ஜூன் 2025, திங்கள்

பள்ளிகள் இன்று திறந்துவிட்டன. மனைவிக்கு இந்த மாதம் முழுவதும் மதியப் பணி என்பதால் இரவுச் சமையல் என் பொறுப்பு. அலுவலகத்திலிருந்து வீடு சேர ஏழு மணியாகிறது. பிள்ளைகள் எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். இடையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டிலுள்ள சமையல் புத்தகங்கள் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று பார்த்து எழுதிவைக்கப் போகிறேன்.

அலமாரியில் இரண்டு வகைப் புத்தகங்கள் இருக்கின்றன. அண்மைக் காலத்தில் வந்த 'விரைவுச் சமையல்' புத்தகங்கள் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் நிமிடக் கணக்கைப் போடுகின்றன. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951இல் முதற்பாகம் வெளிவந்த 'சமைத்துப் பார்' மற்றொரு வகை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிற பெண்களின் பெட்டியில் தலைமுறை தலைமுறையாக வைத்து அனுப்பப்பட்ட புத்தகம் அது. முதல் வகையில் 'தயாரிக்கும் நேரம் பத்து நிமிடம்' என்று இருக்கும். அதற்குக் கீழே பொருள் பட்டியலில் 'பொடியாக நறுக்கிய வெங்காயம் இரண்டு, துருவிய தேங்காய் அரை மூடி, ஊறவைத்து வடித்த கடலைப்பருப்பு கால் கப்' என்று வரும். நறுக்கியவர் யார், துருவியவர் யார் என்ற கேள்விக்குப் புத்தகத்தில் விடை கிடையாது. அந்தப் பத்து நிமிடம் கடிகாரத்தில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அரை மணி நேரம் போயிருக்கும்.

ஆகவே நேரத்தைத் தலைப்பில் தேடாமல் பொருள் பட்டியலில் தேட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

3 ஜூன், செவ்வாய்

மோர்க்குழம்பு. நேற்று எழுதியதைச் சோதித்துப் பார்க்க இதைவிட ஏற்ற பதார்த்தம் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, ஒரு தேக்கரண்டி கொத்தமல்லி விதை, ஒரு தேக்கரண்டி பச்சரிசி ஆகியவற்றை வெந்நீரில் ஊறப்போட்டேன். கை கால் கழுவி, உடை மாற்றி, மகனின் புதுப் பாடநூல்களுக்கு அட்டை போடுவதைப் பற்றிய வாக்குவாதத்தில் ஒரு பங்கெடுத்துவிட்டு வருவதற்குள் இருபது நிமிடம் கடந்திருந்தது. வெள்ளைப்பூசணிக் கீற்றைப் பெரிய துண்டங்களாகப் போட்டு, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்தேன். ஊறியவற்றை வடித்து, நான்கு பச்சைமிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு சிறு துண்டு இஞ்சி, கால் மூடித் தேங்காய் ஆகியவற்றோடு மிக்ஸியின் சின்ன ஜாரில் விழுதாக அரைத்துக் காயில் சேர்த்தேன். பச்சை வாசனை போகும்வரை கொதித்த பின் தீயை நன்றாகத் தணித்து, கடைந்து வைத்த புளித்த தயிரை ஊற்றினேன். இந்த இடத்தில் மட்டும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. முதலில் விளிம்பை ஒட்டி வெள்ளை நுரை கட்டும். அது மெல்ல நடுவை நோக்கி நகரும். நடுவில் ஒரு கொப்புளம் எழுவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் தயிர் திரிந்து, நீர் வேறு திப்பி வேறு என்றாகிவிடும். ஓரளவு அப்படி ஆகாமல் காப்பது அரைத்துவிட்ட அரிசியிலும் பருப்பிலும் உள்ள மாவுச்சத்துதான். தேங்காய் எண்ணெயில் கடுகு, கொஞ்சம் வெந்தயம், வற்றல்மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியாயிற்று.

சாதம் இன்னொரு பர்னரில் வெந்து முடிவதற்குள் குழம்பு தயார். இதில் கத்தி பிடித்த நேரம் பூசணிக்காய்க்கு மட்டுந்தான்.

1951இல் இந்தக் குழம்பு எத்தனை சுலபமாக இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். மிக்ஸி இல்லாத காலம். அம்மியில் தேங்காயையும் கொத்தமல்லி விதையையும் மையாக இழைப்பது கைக்கும் தோளுக்கும் நல்ல வேலை. பூசணிக்காய் நறுக்குவதோ அன்றும் இன்றும் ஒன்றுதான். பழைய புத்தகத்தில் 'மைய அரைத்து' என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் இருந்த உழைப்பை இயந்திரம் வாங்கிக்கொண்டுவிட்டது. 'ஆய்ந்து', 'உரித்து', 'நறுக்கி' ஆகிய சொற்களுக்குப் பின்னால் உள்ள உழைப்பு அப்படியே நம் தலையில் இருக்கிறது. எனவே அன்று நாள் கிழமைக்கு என்று ஒதுக்கிய பல அரைப்புப் பதார்த்தங்கள் இன்று வாரநாளுக்கு உகந்தவை. அன்று அவசரத்துக்குச் செய்த பல எளிய கறிகள் இன்று ஞாயிற்றுக்கிழமைக்கு உரியவை.

5 ஜூன், வியாழன்

பருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். விரைவுச் சமையல் புத்தகங்கள் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான்.

'குக்கரில் நான்கு விசில் விடவும்' என்ற வாக்கியத்தை நான் நம்புவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. உள்ளே அழுத்தம் அளவுக்கு மேல் ஏறும்போது வெயிட் எழும்பி ஆவியை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். தீயைப் பெரிதாக வைத்தால் நான்கு விசில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். சிறிதாக வைத்தால் ஒன்றுகூட வராமல் பருப்பு குழைந்துவிடும். மூன்று லிட்டர் குக்கரின் விசிலும் ஐந்து லிட்டர் குக்கரின் விசிலும் ஒன்றல்ல. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகிறது. பருப்பு எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் இருந்தது என்பதே கணக்கு. முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். அரை மணி ஊறிய துவரம்பருப்புக்கு ஆறேழு நிமிடம், ஊறாததற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் எங்கள் வீட்டில் சரியாக இருக்கிறது. அதன் பிறகு ஆவி தானாக அடங்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்த அடங்கும் நேரத்தை எந்தப் புத்தகமும் கூட்டுத்தொகையில் சேர்ப்பதில்லை.

தண்ணீரும் ஒரு காரணம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீர். அதிலுள்ள கால்சியம் பருப்பின் செல் சுவர்களை இறுக்கிவிடுவதால் எத்தனை நேரம் வைத்தாலும் நெருடும். குடிக்கப் பிடித்து வைத்த காவிரித் தண்ணீரில் வேகவைத்தால் மசிந்துவிடுகிறது. புளியும் இதே வேலையைச் செய்யும், அதனால்தான் பருப்பு வெந்த பிறகே புளித்தண்ணீரோடு சேர்க்க வேண்டும் என்பது வழிவழியான முறை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிடும் 'ஒரே குக்கர் சாம்பார்' குறிப்புகளைச் செய்வோர் பருப்பையும் காயையும் முதலில் வேகவிட்டுப் புளியைப் பின்னால் ஊற்றினால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், ஆனால் அது சாம்பாராக இருக்கும்.

6 ஜூன், வெள்ளி

காந்தி மார்க்கெட்டில் அரைக்கீரை பார்க்க அழகாக இருந்தது, வாங்கவில்லை. ஆய்வதற்கும் மூன்று தண்ணீரில் அலசி மண் போக்குவதற்கும் ஆகும் நேரத்தில் ஒரு குழம்பே முடிந்துவிடும். வாழைப்பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு பூவிலிருந்தும் கள்ளனை உருவியெடுத்து, கறுக்காமலிருக்க மோர்த்தண்ணீரில் போடும் வேலையை நான்கு கைகள் இருக்கும் நாளில்தான் தொடங்க வேண்டும். இரவுக்குத் தோசையும் தேங்காய்ச் சட்னியும்.

9 ஜூன், திங்கள்

பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மருத்துவர் எதுவார் தெ பொமியான் 1930இல் பத்து நிமிடச் சமையலுக்கென்றே ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை எப்போதோ படித்தேன். அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துவிட்டு ஒரு மணி நேர இடைவேளையில் சாப்பிட வருபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. வீட்டுக்குள் நுழைந்தவுடன், மேலங்கியைக்கூடக் கழற்றுவதற்கு முன், அடுப்பைப் பற்றவைத்து ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. அந்தத் தண்ணீர் எதற்கு என்று அப்போது தெரிய வேண்டியதில்லை, எதற்காவது உதவும்.

பிரெஞ்சுச் சமையலுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாலும் இந்த ஒரு விதி திருச்சியிலும் செல்லுபடியாகிறது. நுழைந்தவுடன் கொதிக்கவைத்த தண்ணீரில் ஒரு பங்கு பருப்பை ஊறவைக்க, ஒரு பங்கு புளி கரைக்க, மீதி சாதத்துக்கு. புளி பச்சைத்தண்ணீரில் ஊறக் கால் மணி ஆகும். வெந்நீரில் ஐந்து நிமிடத்தில் இளகிவிடும். அவர் தேர்ந்தெடுத்த பதார்த்தங்கள் சின்னஞ்சிறியவை, ஓரிருவருக்கானவை. குடும்பத்துக்குச் சமைப்பவருக்கு அவருடைய குறிப்புகளைவிட அவருடைய வேலை வரிசைதான் பாடம்.

11 ஜூன், புதன்

இன்று வற்றல்குழம்பு. பழைய புத்தகங்களிலிருந்து வாரநாளுக்குத் தேர்ந்தெடுக்க இது இன்னொரு வகை: அடுப்பு அதிக நேரம் எரியும், ஆனால் ஆள் நிற்க வேண்டியதில்லை. சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் கருகாமல் வறுத்து, குழம்புப்பொடியைப் புரட்டி, புளித்தண்ணீரை ஊற்றிவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும்வரை அதுவே கொதித்துக்கொண்டிருக்கும். அந்த இருபது நிமிடத்தில் மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். தேங்காய் சேர்க்காததாலும் புளிப்பும் உப்பும் எண்ணெயும் தூக்கலாக இருப்பதாலும் இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும், ருசியும் கூடும். 'மொத்த நேரம் 40 நிமிடம்' என்று போட்டு விரைவுச் சமையல் புத்தகம் இதைத் தள்ளிவிட்டிருக்கும்.

அளவுகளைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. அக்காலப் புத்தகங்களில் ஆழாக்கும் படியும் பலமும் வரும். எடைகள் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது 1958இல்தான். ஆழாக்கு சுமார் 168 மில்லி, எட்டு ஆழாக்கு ஒரு படி, பலம் சுமார் 35 கிராம். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்று ஏறக்குறைய ஆழாக்கு அளவே பிடிப்பதால் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். புளிக்கு மட்டும் நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு என்பதை நான் கிராமாக மாற்றுவதில்லை. புதுப்புளிக்கும் பழம்புளிக்கும் புளிப்பு வேறுபடும்போது கிராமில் துல்லியம் தேடி என்ன பயன்?

13 ஜூன், வெள்ளி

மோர்க்களி. வாரக் கடைசியில் காய்கறிக் கூடை காலியாகிவிடும்; அரிசிமாவும் புளித்த மோரும் எப்படியும் இருக்கும். ஒரு கப் மாவைக் கிட்டத்தட்ட மூன்று கப் மோரில் உப்போடு கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டேன். வாணலியில் நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டுக் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, மோர்மிளகாய் தாளித்தேன். மோர்மிளகாய் கறுப்பு நிறத்துக்குத் திரும்பும் தறுவாயில் கரைசலை ஊற்றி, தீயைத் தணித்துக் கிளற ஆரம்பித்தேன். முதல் சில நிமிடம் எதுவும் நடக்காதது போல இருக்கும். பிறகு சட்டென்று அடியில் இறுகத் தொடங்கி, கரண்டி கனக்கும். மாவின் வெள்ளை மறைந்து பளபளப்பு ஏறியதும், விரலை நனைத்துத் தொட்டால் ஒட்டாது. அதுவே பதம். நறுக்குவதற்கு ஒன்றுமே இல்லாத சாப்பாடு.

"அப்பா, இது டிபனா, சாப்பாடா?" என்று மகன் கேட்டான். மோர்மிளகாயை யார் எடுப்பது என்ற போட்டியில் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

18 ஜூன், புதன்

'சமைத்துப் பார்' பக்கங்களில் பென்சிலால் அடையாளம் வைத்துக்கொண்டு வருகிறேன். அரைப்பு மிகுந்தவற்றுக்கு 'அ', தானாகக் கொதிப்பவற்றுக்கு 'கொ', கத்தி வேலை மிகுந்தவற்றுக்கு 'ந'. துவையல்கள் எல்லாமே 'அ'. இன்று செய்த பருப்புத் துவையலுக்குத் துவரம்பருப்பைச் சிவக்க வறுக்கும் ஐந்து நிமிடந்தான் வேலை. மிளகு, வற்றல்மிளகாய், தேங்காய், உப்பு சேர்த்து முதலில் தண்ணீரில்லாமல் இரண்டு சுற்று, பிறகு நீர் தெளித்துக் கொரகொரப்பாக நான்கு சுற்று. மிக்ஸியில் துவையல் கெடுவது தொடக்கத்திலேயே தண்ணீர் ஊற்றுவதால்தான், அது சட்னியாகிவிடும். கூட எலுமிச்சை ரசம்.

சின்ன வெங்காயச் சாம்பாருக்கு 'ந' போட்டதை மகள் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் உரிச்சுத் தரேன்ப்பா, அதை 'அ'னு மாத்துங்க" என்றாள். அரைத்துவிட்ட சாம்பார் என்பதால் அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. உரிப்பதற்கு முன் வெங்காயத்தைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் தோல் சுலபமாகக் கழன்றுவரும். நாளை இரவுக்கு அதுவே. கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, மிளகாய் ஆகியவற்றை இன்றிரவே வறுத்து டப்பாவில் மூடி வைத்தாயிற்று, தேங்காய் மட்டும் நாளை துருவ வேண்டும்.