ஆரூரில் அம்மாவோடு மூன்று நாள்

21-2-2025, வெள்ளி

கும்பகோணத்திலிருந்து குடவாசல் வழியாக பஸ்ஸில் வந்து திருவாரூரில் இறங்கியபோது மணி நாலு. நேரே கமலாலயம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீரோடை ஐந்து வேலி என்று சொல்வார்கள். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கும் மேல். குளத்து நடுவில் நாகநாதர் சந்நிதி. அம்மா காலை நனைத்துக்கொண்டே, "உங்கப்பாவோட வந்தப்ப இந்தப் படியிலதான் உட்கார்ந்தோம்" என்றாள். கல்யாணமான புதிதில் வந்தது. அப்பா போனபின் இப்போதுதான் வருகிறாள்.

சாயரட்சைக்கு, அந்திப் பூஜைக்கு, காத்து நின்றோம். இந்த வேளைக்குத் தேவர்களெல்லாம் ஆரூர் வந்துவிடுவார்களாம். தியாகராஜருக்கு முகம் மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் பூவும் பட்டும். பாத தரிசனம் மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும்தான். எதிரே நந்தி படுத்திருக்கவில்லை, நின்றுகொண்டிருக்கிறது.

"கொஞ்சம் உட்காரும்மா, முட்டி வலிக்கப் போகுது."

"நந்தியே நிக்குதுடா."

தீபாராதனை முடிகிறவரை நின்றாள்.

22-2-2025, சனி

காலையில் தேவாசிரிய மண்டபம். ஆயிரங்கால் மண்டபம் என்பதும் இதைத்தான். இங்கே கூடியிருந்த அடியார்களை வணங்காமல் சுந்தரர் உள்ளே போகிறார் என்று விறன்மிண்டர் என்ற அடியார் கோபித்து, அவரைப் புறகு, அதாவது வெளியாள், என்று விலக்கினார். அதன்பிறகு பிறந்ததுதான் 'தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்' என்று தொடங்கி அடியார்களை வரிசையாகப் பாடும் திருத்தொண்டத்தொகை. அந்தப் பதிகம் இல்லையென்றால் பெரியபுராணம் ஏது!

மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை ஓவியமாக ஓடுகிறது. குரங்கு முகத்து ராஜா. இந்திரன் ஒரே மாதிரி ஏழு விடங்கரை, தியாகராஜர் திருமேனிகளை, காட்ட, அவன் சரியானவரைக் கண்டுபிடித்துக் கேட்ட கதை. படங்களுக்குக் கீழே தமிழிலேயே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். வரைந்த சிங்காதனம் தன் பெயரையும் விட்டுப் போயிருக்கிறார்.

மத்தியானம் அறையில் அம்மாவுக்கு இன்னொன்று சொன்னேன். இந்தக் கோயிலைப் பொன் வேய்ந்தவர்களில் ராஜேந்திர சோழனின் அணுக்கியார், அவன் மனதுக்கு நெருக்கமானவர், பரவை நங்கை ஒருவர். ராஜாவும் அவரும் சேர்ந்து நின்று கும்பிட்ட இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. ராஜாவின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியில் கங்கையும் கடாரமும் வரும். எனக்கு அந்த விளக்குதான் பெரிதாகத் தெரிகிறது. அம்மா பதில் பேசவில்லை. கொஞ்சம் கழித்து, "நிக்கிற இடத்துக்கா வெளக்கு?" என்று கேட்டாள்.

23-2-2025, ஞாயிறு

கிளம்பும் நாள். கமலாம்பாள் சந்நிதிக்குப் போனோம். கால்மேல் கால் போட்டு யோகத்தில் அமர்ந்திருக்கிறாள். முத்துசாமி தீட்சிதர் நவாவரணக் கீர்த்தனைகள் பாடியது இவளைத்தான். அவர் 1775இல் பிறந்த ஊரும் இதுவே.

கடைசியாக, பெரிய கோயிலுக்குள்ளேயே இருக்கும் அரநெறி. சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய, கல்லால் கட்டிய, கோயில். எண்ணெய் கிடைக்காமல் கமலாலயத்துத் தண்ணீரை வார்த்து விளக்கெரித்தார் நமிநந்தியடிகள் என்பது இந்தச் சந்நிதியில் நடந்ததாகத்தான் சொல்வார்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மா மறுபடி தியாகராஜர் சந்நிதிக்குத் திரும்பி, ஒரு தூணருகே போய் நின்றாள். "இங்கதான். உங்கப்பா அந்தப் பக்கம்." நான் அந்தப் பக்கம் போகாமல் தள்ளியே நின்றேன்.

பிறகு நெய் விளக்கு வாங்கிவரச் சொன்னாள். ரெண்டு.