கட்-ஆஃப் கூட்டினோம், வட்டியைக் கூட்டவில்லை

மகளின் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தபோது, கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணை மூன்று முறை கூட்டிப் பார்த்த நாங்கள், கல்விக்கடனுக்கான வட்டியை ஒருமுறைகூடக் கணக்கிடவில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்பதை, அதுவரை வட்டியே கிடையாது என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். உண்மையில், வங்கி கல்லூரிக்குப் பணம் செலுத்திய நாளிலிருந்தே தனிவட்டி ஏறத் தொடங்குகிறது; படிக்கும் காலத்திலேயே அதைக் கட்டாவிட்டால், தவணை தொடங்கும்போது அது அசலோடு சேர்ந்துவிடுகிறது. (மேலாளர் அதை வாசித்துக் காட்டினார், கையெழுத்திடும் அவசரத்தில் நான்தான் காதில் வாங்கவில்லை.) இப்போது மாதந்தோறும் வட்டியை மட்டும் கட்டிவருகிறேன். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் அந்த வட்டியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தமிழக அரசு தரும் கட்டணச் சலுகை மகளுக்குக் கிடைக்கவில்லை. தடையாக இருந்தது என் பட்டம்தான்.